தெளிந்த கரையில் எடுத்த ஒரு புட்டி தண்ணீர்

ஏரித் தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை, அதாவது பிளாங்க்டனைப் பார்ப்பதற்காகவே ஊர் சுற்றுகிறவள் நான். சொந்த ஊர் விருதுநகர் பக்கம். வேலை ஓசூரில், ஒரு தொழிற்சாலையின் கழிவுநீர் சுத்திகரிப்புப் பிரிவில். கோடை தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாக்கடை கலக்கும் ஏரியையும் வயல்காட்டு ஏரியையும் ஒரே நாளில் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று கிளம்பினேன். போன இடத்தில் ஒரு முட்டாள்தனம் செய்தேன். அதை மறைத்துவிட்டு எழுத மனம் வரவில்லை.

காலை 6.20-க்கு ஸ்கூட்டரை எடுத்தேன். பெட்ரோல் 200 ரூபாய். பெட்டியில் மெல்லிய துணி வலை, நான்கு புட்டிகள், 1,100 ரூபாய்க்கு வாங்கிய கையடக்க நுண்ணோக்கி. முதலில் ஜூஜுவாடிப் பக்கம் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு சின்ன ஏரி. சோப்பு நுரை ஒதுங்கிய கரையில் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு சொட்டைப் பார்த்தேன். சாக்கடையைத் தாக்குப்பிடிக்கும் இரண்டே வகைதான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை மாதிரிக் கூட்டம். தண்ணீர் கெட்டால் உயிர்கள் குறையும் என்று நினைப்போம். பெரும்பாலும் வகைதான் குறைகிறது, தலைக்கணக்கு ஏறிவிடுகிறது.

அங்கிருந்து தேன்கனிக்கோட்டைச் சாலை. மீட்டரில் 34 கிலோமீட்டர் ஓடியபோது மணி 9.05. தக்காளி, முட்டைக்கோஸ் வயல்களுக்கு நடுவே இரண்டாவது ஏரி. கரைமேல் வண்டியை நிறுத்தி, அங்கேயே வலையை வீசினேன். முதுகுப்பக்கம் காற்று. புட்டியை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் கண்ணாடி மாதிரித் தெளிவு.

மூன்று மாடுகளோடு நின்ற ரத்னம்மா என்பவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். போன வாரம் ஏரி ஒரு மாதிரி நாறியதாம். அதிலிருந்து மாடுகளை இதில் இறக்காமல், கரண்ட் வரும் நேரம் காத்திருந்து போர்த் தண்ணீரைக் குடத்தில் சுமந்து காட்டுகிறாராம். மூன்றில் ஒன்று சினை.

“நீங்க தண்ணி டெஸ்ட் பண்றவங்களா மேடம்? மாட்ட உடலாமா?”

எங்கள் பிரிவில் வெளியேறும் தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் பிடித்து வெளிச்சத்தில் காட்டுவோம். தெளிவாக இருந்தால் பாதி நிம்மதி. அந்தப் பழக்கம் என்னை முந்திக்கொண்டது. “நல்லாத்தான் இருக்குக்கா, விடுங்க” என்று சொல்லிவிட்டு, பசி தாங்காமல் கிளம்பிவிட்டேன்.

எட்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு டீக்கடை. இட்லி, டீ சேர்த்து 45 ரூபாய். 10.40-க்கு, சும்மா இருக்கிறோமே என்று புட்டியிலிருந்து ஒரு சொட்டை வைத்துப் பார்த்தேன். பொடிப் பொடியான மணிகள் ஒட்டிய உருண்டைகள் மிதந்தன. நீலப்பச்சைப் பாசி. அதில் சில வகை நஞ்சைச் சுரக்கும், ஆடு மாடு செத்திருக்கிறது என்று படித்திருக்கிறேன். உர மண் கரைந்து வரும் ஏரி, சூடு, பல நாள் அசையாத தண்ணீர், இதற்கு வேறென்ன வேண்டும்? வெயில் ஏறினால் மேலே மிதந்து வரும், காற்று அடிக்கிற கரையில் திரண்டு நிற்கும். காலையில் காற்று அதை எதிர்க்கரைக்குத் தள்ளியிருந்தது. இப்போது காற்று திரும்பி, டீக்கடைத் தார்ப்பாய் மறுபக்கமாகப் புடைத்துக்கொண்டிருந்தது.

ரத்னம்மாவின் போன் நம்பர்கூட வாங்கியிருக்கவில்லை. வந்த வழியே திரும்பினேன். 11.05-க்குப் போய்ச் சேர்ந்தபோது, நான் புட்டி பிடித்த அதே இடத்தில் பச்சை பெயிண்டைக் கொட்டியது போல ஏடு படிந்திருந்தது. இரண்டு மாடுகள் முழங்கால் தண்ணீரில் நின்றன, சினை மாடு கரையில் நின்றது. நான் கத்தினேன். ரத்னம்மா ஏன் என்று கேட்கவில்லை. கன்னடத்தில் “பா, பா”, அதாவது வா வா, என்று அதட்டி, நொடியில் இரண்டையும் மேலே இழுத்துவிட்டார்.

கால்நடை மருத்துவர் போனில் கிடைத்தார். நிழலில் கட்டுங்கள், வாயையும் காலையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், நக்கிவிடப் போகிறது, தள்ளாடினால் உடனே கூப்பிடுங்கள், நாளை வரை கவனியுங்கள் என்றார். ஆறு குடம் சுமந்தோம். மாலை 5.30 வரை மாடுகளின் கால்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரத்னம்மா என்னைத் திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஐந்து மணிக்கு மேல் இரண்டும் அசைபோட்டன. நம்பர் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

இப்படிக் கிளம்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஒரே கரையில் எடுக்காதீர்கள், காற்று போய் முட்டும் கரையில் கட்டாயம் எடுங்கள். காலையிலும் உச்சி வெயிலிலும் பாருங்கள். கையுறை 60 ரூபாய்தான். நஞ்சு இருக்கிறதா என்பதை நம் நுண்ணோக்கி சொல்லாது, ஆய்வகம்தான் சொல்லும். தேன்கனிக்கோட்டைக்கு ஓசூரிலிருந்து பஸ் உண்டு, ஏரிக்கரைகளுக்குச் சொந்த வண்டிதான் சரி.

மறுநாள் காலை 6.10-க்கு பயந்துகொண்டே போன் செய்தேன். மாடுகள் நன்றாக இருக்கின்றன என்றார் ரத்னம்மா. எனக்கு மூச்சு வந்தது.

“பால் மட்டும் சொசைட்டிக்கு ஊத்தல. நேத்து சாயந்தரமும் ஊத்தல. புள்ளைங்க குடிக்கிறதாச்சே.”

பாலைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

“எத்தன நாளு ஊத்தாம இருக்கணும்? தெரிஞ்சா சொல்லும்மா. தெரியலன்னா தெரியலன்னு சொல்லு.”

“தெரியலக்கா” என்றேன்.