சோபாக்கா செய்த ஸ்பீக்கர்

அந்தத் தெருவில் அவளுக்குப் பெயர் சோபாக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் மின்சார ரசீதில் மட்டும்தான் பிழைத்திருந்தது. வீட்டின் முன்னறைதான் அவளுடைய பட்டறை. சட்டம் அறுப்பாள், ஸ்பிரிங் கட்டுவாள், பஞ்சு அடைப்பாள், துணி தைப்பாள். அவள் கட்டிய சோபாவில் உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்க யோசிப்பார்கள். "ஆணி கூட என்னைக் கேட்டுட்டுத்தான் மரத்துல இறங்கும்" என்பாள். அது வெறும் பேச்சில்லை.

அவள் கணவர் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். எத்தனையோ பேரை வழியனுப்பிய அந்தக் குரலைத் தொண்டையில் வந்த நோய் ஒரேயடியாகக் கொண்டுபோய்விட்டது. உயிரைக் காப்பாற்ற மருத்துவர்கள் குரல்வளையையே எடுக்க வேண்டியிருந்தது. அதன் பிறகு அவர் சொல்ல நினைப்பதைக் கைப்பேசியில் தட்டுவார். கைப்பேசி அதைப் படித்துச் சொல்லும்.

சொல்லும் என்று பெயர். மிக்ஸி ஓடினால் போச்சு. நாலு பேர் சேர்ந்து சிரித்தால் போச்சு. கிணற்றுக்குள் விழுந்த கொசு மாதிரி அது முனகிக்கொண்டிருக்கும். போதாக்குறைக்கு சோபாக்காவின் தம்பி. அடுத்த தெருவில் குடியிருந்தான். அக்கா புருஷன் மேல் உயிரையே வைத்திருந்தான். ஆனால் அவர் தட்டி முடிக்கும்வரை அவனுக்குப் பொறுமை கிடையாது. "மாமா என்ன சொல்ல வர்றார்னா..." என்று தானே ஆரம்பித்துவிடுவான்.

ஒருநாள் அவர், 'எனக்கு டீ வேண்டாம்' என்று தட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, மாமா டீ கேக்கறார். சர்க்கரை தூக்கலா!"

டீ வந்தது. அவர் குடித்தார். அன்றைக்குக் கைப்பேசியின் பேச்சை அணைத்து வைத்தவர்தான், பிறகு அதைத் தொடவேயில்லை. தலையாட்டல், கையசைப்பு, அவ்வளவுதான். பேசிப் பேசியே வாழ்ந்த மனிதர் ஊமைப் படம்போல் வீட்டுக்குள் நடமாடினார்.

இந்தச் சமயத்தில்தான் மகள் தன்னோடு வேலை பார்க்கும் பையனைப் பற்றி வீட்டில் சொன்னாள். பையன் தன் அப்பா அம்மாவோடு ஞாயிற்றுக்கிழமை பேச வருவதாக ஏற்பாடு. மகள் கேட்டது ஒன்றே ஒன்று. "அவங்ககிட்ட அப்பாதான் பேசணும்மா. மாமா இல்ல. நீயும் இல்ல."

கணவர் ஒரு தாளில் எழுதி நீட்டினார். 'நீயும் மச்சானும் பேசுங்க. நான் உள்ளே இருக்கேன்.'

சோபாக்காவின் நெஞ்சில் யாரோ உளியை வைத்து அடித்ததுபோல் இருந்தது. ஆனாலும் கண்ணீரை வாசல்வரை வரவிட்டுத் திருப்பி அனுப்பத் தெரிந்தவள் அவள்.

"உள்ள இருக்க நீங்க என்ன பழைய மெத்தையா? உங்களை நடுக்கூடத்துல உக்கார வெச்சுப் பேச வைக்கல, நான் சோபாக்கா இல்ல!"

கடைக்குப் போய் வயர்லெஸ் ஸ்பீக்கர்களைப் பார்த்தாள். எல்லாம் பிளாஸ்டிக். போட்டதும் சிவப்பும் பச்சையுமாக மின்னின. "இதுல என் வீட்டுக்காரர் பேசினா, சம்பந்தி வீட்டுக்காரங்க எழுந்து ஆடவா?" என்று கேட்டுவிட்டு நேராக ரேடியோ ரிப்பேர்க்காரரிடம் போனாள். புளூடூத் பலகை, ஆம்ப்ளிஃபையர், பேட்டரி, நல்ல ஸ்பீக்கர் ஒன்று எல்லாம் அவர் கொடுத்தார்.

"பாதி சத்தம் பெட்டியிலதான் இருக்குக்கா. இடுக்கு இல்லாமச் செய்யுங்க. உள்ள கொஞ்சமா பஞ்சு வைங்க."

"பஞ்சைப் பத்தி எனக்கே பாடமா? நல்லாருக்கே கதை!"

மிச்சம் கிடந்த ப்ளைவுட்டில் கனமான துண்டாகத் தேர்ந்தெடுத்தாள். முன்பலகையில் வட்டம் வரைந்து அறுத்தாள். மூலைகளைப் பசை தடவி இறுக்கிக் கட்டினாள். உப்புத்தாளால் கன்னம்போல வழுவழுவென்று ஆகும்வரை தேய்த்தாள். வட்டத்தில் ஸ்பீக்கரைப் பொருத்தினாள். பிறகு பஞ்சு. அவள் தொழிலில் ஒரு சட்டம் உண்டு: கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழக்கூடாது. அந்தச் சட்டப்படியே பெட்டிக்குள் பஞ்சைத் திணித்து, பின்பலகையை முழங்காலால் அமுக்கித் திருகாணி போட்டாள்.

சனிக்கிழமை காலை பெட்டியைக் கூடத்து மேஜையில் வைத்தாள். மகள் கெஞ்சினாள். கணவர் அரை மனதோடு கைப்பேசியை எடுத்துத் தட்டினார்.

பெட்டி பேசியது. போர்வைக்குள்ளிருந்து காய்ச்சல்காரன் புலம்புவதுபோல் ஏதோ கேட்டது. ஒரு சொல் விளங்கவில்லை.

வாழ்நாளெல்லாம் ஒலிபெருக்கியோடு பழகிய காது அது. அவர் முகம் அப்படியே சுண்டியது. எழுந்து அறைக்குள் போனார். கதவு மூடியது. தாழ்ப்பாள் விழுந்தது.

"விடும்மா" என்றாள் மகள், அழுகையை விழுங்கிக்கொண்டு. "மாமாவே பேசட்டும்."

"யாரு விடறது?" சோபாக்கா திருப்புளியை எடுத்தாள்.

கடைசித் திருகாணி கழன்றதுதான் தாமதம், பின்பலகையைத் தள்ளிக்கொண்டு பஞ்சு குபுக்கென்று வெளியே வந்தது. மூச்சை அடக்கியவன் விட்டதுபோல் இருந்தது. உள்ளே கைவிட்டு ஸ்பீக்கரின் காகிதக் கூம்பைப் பின்னாலிருந்து தொட்டுப் பார்த்தாள். பஞ்சு எடுத்த பக்கம் அது மெல்ல அசைந்தது. பஞ்சு இருந்த பக்கம் அசைய இடமே இல்லை.

"அடிப்பாவி!" என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள். "இது உக்கார்றதுக்கு இல்லடி, பேசறதுக்கு! கழுத்தை நெரிச்சுட்டுப் பேசு பேசுன்னா எப்படிப் பேசும்?"

பஞ்சைக் கைகையாக அள்ளி வெளியே போட்டாள். பக்கச் சுவர்களில் மட்டும் மெல்லிய ஓர் அடுக்கு விட்டாள். கூம்பின் பின்னால் காற்றுக்குத் தாராளமாக இடம் வைத்து மூடினாள். பிறகு மகளின் கைப்பேசியை வாங்கி எதையோ தட்டி, பொத்தானை அழுத்தினாள்.

கூடமே நிறைந்தது. கனமான, தெளிவான ஆண்குரல். "என் மனைவி சொல்வதெல்லாம் சரி. நான்தான் அசடு. அவள் தம்பி ஒரு மேதை."

அறைக்குள் நாற்காலி நகர்ந்தது. தாழ்ப்பாள் விலகியது. அவர் வேகமாக வெளியே வந்தார், தன் கைப்பேசியைப் பெட்டியோடு இணைத்தார், கோபமாகத் தட்டினார்.

"பொய்" என்றது பெட்டி.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் தோள்கள் குலுங்கின. சிரிப்பா அழுகையா என்று சொல்வது கடினம். மறுபடி தட்டினார். "மூணுமே பொய்." சோபாக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். திருப்பி அனுப்பிய கண்ணீரெல்லாம் மொத்தமாக வந்து சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் நல்ல மனிதர்கள். ஆனால் பெட்டி பேசப் பேச எல்லாரும் மேஜையையே பார்த்தார்கள். பையனின் அம்மா பெட்டியிடமே, "ரொம்ப சந்தோஷங்க" என்றாள். கணவரின் விரல்கள் தயங்க ஆரம்பித்தன. சோபாக்கா சட்டென்று எழுந்தாள். ஒரு ஸ்டூலை அவர் நாற்காலிக்குப் பின்னால் போட்டு, பெட்டியைத் தூக்கி அவர் தோளுயரத்தில் வைத்தாள். இப்போது குரல் வந்த இடத்தில் அவர் முகம் இருந்தது.

அவர் நீளமாக ஏதோ தட்டத் தொடங்கினார். தம்பிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"மாமா என்ன சொல்ல வர்றார்னா..."

"மச்சான், நான் இன்னும் முடிக்கல" என்றது பெட்டி.

கூடம் கொல்லென்று சிரித்தது. தம்பி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். விரல்களுக்கு மேலே அவன் கண்கள் நிறைந்திருந்தன.

"தம்பி" என்று பையனைக் கூப்பிட்டது குரல். "என் பொண்ணு பேசும்போது குறுக்கே பேசுவீங்களா?"

பையன் நேராக அவர் முகத்தைப் பார்த்தான். "பேசியிருக்கேன் சார். திட்டு வாங்கியிருக்கேன். இப்ப குறைச்சிருக்கேன்."

"அவ அம்மாவும் அப்படித்தான் திட்டுவா. பழகிடும்."

அப்புறம் அவர் நிறுத்தவேயில்லை. வேலை, வீடு, சண்டை வந்தால் யார் முதலில் பேசுவது என்று ஒன்றுவிடாமல் கேட்டார். அவர் தட்டும் நேரமெல்லாம் அத்தனை பேரும் காத்திருந்தார்கள். சாப்பிடக் கூப்பிட வந்த சோபாக்காவும் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். திடீரென்று பெட்டி டிங் டிங் என்றது. பேட்டரி தீர்ந்துகொண்டிருந்தது.

"போதுங்க. மீதியை அப்புறம் பேசிக்கலாம், எல்லாருக்கும் பசி" என்றாள் சோபாக்கா.

அவர் தலையை ஆட்டி மறுத்தார். விரல்கள் பறந்தன.

"சார்ஜரைக் கொண்டு வா. மாப்பிள்ளைகிட்ட இன்னும் ரெண்டு கேள்வி இருக்கு."

மகள் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். சோபாக்கா சார்ஜரை எடுக்க உள்ளே ஓடினாள்.