முல்லைப் பெரியாற்றில் நாம் விடும் துணிகள் எங்கே போகின்றன?

போன வருடம் இந்தப் பக்கத்தில் கம்பம் பள்ளத்தாக்கைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். திராட்சைப் பந்தல், தென்னந்தோப்பு, மலையில் இறங்கி நிற்கும் மேகம் என்று போய், மார்க்கையன்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு படித்துறையில் வந்து நின்ற கட்டுரை. அங்கே தண்ணீரில் வேட்டியும் சேலையும் நாணலுக்கு நாணல் சிக்கிக் கிடந்தன. “யாருக்கும் அக்கறை இல்லை” என்று எழுதி முடித்திருந்தேன். வந்த பின்னூட்டங்களில் ஒன்றுதான் உறைத்தது: “எங்களுக்கு அக்கறை இருக்கு. ஆடி அமாவாசைக்கு மறுநாள் வாங்க. இடுப்பளவு தண்ணியில நின்னு பேசுவோம்.”

முதலில் கோபம் வந்தது. பிறகு வெட்கம். இந்த ஆடியில் கிளம்பிவிட்டேன்.

மதுரை ஆரப்பாளையத்தில் காலை 4.50 பேருந்து. தேனிக்கு 75 கிலோமீட்டர், டிக்கெட் 72 ரூபாய், ஏழு மணிக்குள் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து கம்பம் பேருந்தில் சின்னமனூர். 23 கிலோமீட்டர், 25 ரூபாய், முக்கால் மணி நேரம். சின்னமனூரிலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் மணிக்கு ஒன்றுதான், அதைக் கண்ணெதிரே தவறவிட்டேன். ஆட்டோவுக்கு 150 ரூபாய் ஆனது.

படித்துறை என்றதும் ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “அமாவாசை நேத்தே முடிஞ்சிருச்சேக்கா.”

ஆற்றிலிருந்து துணி எடுக்கிற பெண்களைப் பார்க்கப் போகிறேன் என்றேன்.

“அவுகளயா? மதுரையில இருந்தா வாரீக?” என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “பாத்துப் போங்க. ஊருக்குள்ள சலசலப்பாக் கெடக்கு. இன்னைக்கு மூணு மணிக்குப் பள்ளிக்கூடத்துல மீட்டிங்கு. அவுகள ஷெட்டைக் காலி பண்ணச் சொல்லணும்னு நிக்கிறாக.”

ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. ஆட்களின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். அவர்கள் அங்கேயே வாழ வேண்டியவர்கள். நான் பேருந்து ஏறிவிடுவேன்.

எட்டேகாலுக்குப் படித்துறை. இரண்டு பெண்கள் இருந்தார்கள். கரையில் நின்று கயிற்றைப் பிடித்திருந்தவர் மும்தாஜ். உத்தமபாளையத்திலிருந்து இந்த ஊருக்குக் குடிவந்தவர், பதினைந்து வருடம் தையல் கடை வைத்திருந்தவர். இப்போது ஒரு சிறிய அறக்கட்டளையை நடத்துகிறார். பின்னூட்டம் எழுதியவர் அவர்தான். கயிற்றின் மறுமுனையை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆற்றுக்குள் நின்றவள் ஈஸ்வரி. திராட்சைத் தோட்டத்தில் கொடி கழிக்கும் கவாத்து வேலைக்குப் போனவள், இப்போது முழுநேரமும் இங்கேதான். ஆட்டுக்குக் குழை பறிக்கும் தொரட்டியால் தண்ணீருக்கடியில் துழாவி, ஒரு சேலையைச் சுருள் சுருளாக வெளியே இழுத்துக்கொண்டிருந்தாள்.

“வந்துட்டாகளா, அக்கறை இல்லைன்னு எழுதுன அக்கா?” என்றாள் திரும்பாமலே. “செருப்பக் கழத்திப் போட்டுட்டு எறங்குங்க.”

இறங்கினேன். ஆனியிலேயே அணையைத் திறந்துவிடுவதால் ஆடியில் ஆறு வேகமாகப் போகிறது. என்னை மூன்றாவது படிக்குக் கீழே விடவில்லை. இரண்டரை மணி நேரத்தில் நான் எடுத்தவை: வேட்டி, துண்டு, நைட்டி, ஒரு குழந்தையின் பாவாடை, கற்பூர உறைகள், எண்ணெய்ப் பாட்டில்கள். ஈஸ்வரி எடுத்ததில் கால்வாசிகூட இருக்காது. நனைந்த சேலை ஒன்றின் கனம் என்னவென்று அன்றுதான் தெரிந்தது.

இந்தப் பக்கம் வராதவர்களுக்காகச் சொல்கிறேன். அமாவாசைக்கும் கருமாதிக்கும் பரிகாரத்துக்கும் இங்கே வந்து முழுகுகிறவர்கள், உடுத்தியிருந்த துணியை ஆற்றோடு விட்டுவிடுவார்கள். இறந்தவரின் துணியையும் சிலர் விடுவதுண்டு. பிறகு மாற்றுத்துணி கட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். பார்த்தால் விட்டது கூடவே வரும். இந்த விதியின் அமைப்பை எண்ணி எனக்கு வியப்பாக இருக்கிறது. குப்பை போட்டவர் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதைச் சாத்திரமாகவே ஆக்கிவைத்திருக்கிறோம்.

பதினொரு மணிக்கு மூட்டைகளை லோடு ஆட்டோவில் ஏற்றி ஷெட்டுக்குப் போனோம். அரசுப் பள்ளி வளாகத்துக்குள் இருக்கும் பழைய சத்துணவுக் கூடம் அது. மூன்று வருடங்களுக்கு முன் தலைமையாசிரியை கொடுத்தது. பதிலுக்கு வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குக் குப்பை பிரிக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். சுற்றியுள்ள நாலு கிராமங்களில் தெருத்தெருவாக உலர்குப்பையும் வாங்குகிறார்கள்; அதற்கும் அந்தப் பிள்ளைகள்தான் ஆதாரம். “எங்க பேச்ச யாரும் கேக்க மாட்டாக. பிள்ளைக போயி வீட்டுல நச்சரிச்சாத்தான் குப்பை தனித்தனியா வரும்” என்றார் மும்தாஜ். ஷெட் போனால் வகுப்பும் போகும், வகுப்பு போனால் எல்லாம் போகும். அன்றைக்குப் பணயத்தில் இருந்தது அதுதான்.

வேலை செய்யும் முறை எளிமையானது. ஒவ்வொரு துணியிலிருந்தும் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டுகிறார்கள். சாம்பலானால் பருத்தி. உருகி மணியாக உருண்டால் பாலியஸ்டர். இரண்டையும் வாஷிங் சோடாவும் வேப்பிலையும் போட்டுத் தனித்தனியாக அண்டாவில் வேகவைக்கிறார்கள். பருத்தி, பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோற்றுப் பையாகிறது. பாலியஸ்டரை விரல் அகல நாடாக்களாகக் கிழித்துத் திராட்சைத் தோட்டங்களுக்குக் கொடுக்கிறார்கள். கொடியைப் பந்தலோடு கட்ட, பிளாஸ்டிக் கயிற்றுக்குப் பதிலாக.

பிரச்சினை பையில் வந்தது. முந்தைய வெள்ளிக்கிழமை ஒரு பெண் குழந்தை, “இந்தத் துணி எந்தக் கடையில வாங்குனது?” என்று கேட்டிருக்கிறாள். ஈஸ்வரி உள்ளதைச் சொல்லிவிட்டாள். அன்று மாலையே ஏழெட்டுப் பைகள் பள்ளி வாசலில் வந்து விழுந்தன.

மூன்று மணிக்குக் கூட்டம். பெற்றோர் முப்பது பேர் இருக்கலாம். மும்தாஜும் ஈஸ்வரியும் முன்னால் நின்றார்கள், யாரும் உட்காரச் சொல்லவில்லை. நான் கடைசிப் பெஞ்சில்.

செல்வம் என்ற திராட்சை விவசாயிதான் முதலில் எழுந்தார். “செத்தவுக துணிய எம் புள்ள கையில குடுப்பீகளா? பீடைன்னு தெரியாது? பாய் வீட்டம்மாவுக்கு எங்க சாங்கியத்தப் பத்தி என்ன தெரியும்?”

“சாங்கியம் எனக்குத் தெரியாதுண்ணே” என்றார் மும்தாஜ். “தண்ணி தெரியும். நீங்க விட்ட துணி ஊறுன தண்ணியத்தான் கீழ பம்பு வச்சுத் தொட்டிக்கு ஏத்துறாக. ஒங்க வீட்டுக் கொழாயிலயும் அதான், எங்க வீட்டுக் கொழாயிலயும் அதான். குடிக்கையில பீடை தெரியலையா?”

“அது ஓடுற தண்ணி. ஓடுற தண்ணிக்குத் தீட்டு இல்ல.”

ஈஸ்வரி பொறுக்கவில்லை. “சரி, தண்ணிய விடுங்க. போன வெட்டுக்கு ரெண்டு மூடை நாடா அள்ளிட்டுப் போனீகளே, அது எந்தத் துணின்னு நெனச்சீக? பட்டணத்துல இருந்து பார்சல்லயா வந்துச்சு? கொடிக்குப் பீடை பிடிச்சுருச்சா? இல்ல, கொலை கொலையா காச்சுச்சா?”

கூடம் சிரித்தது. செல்வத்தின் மனைவிகூடத் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். “ஏம்மா, கொடிக்குக் கட்டுறதும் புள்ளை கையில குடுக்குறதும் ஒண்ணா?” என்று செல்வம் கத்தியது யார் காதிலும் விழவில்லை.

ஆனால் அதற்குப் பிறகு எழுந்த ஒரு பெண்ணை நான் மறக்கவில்லை. அவர் கத்தவில்லை. “நீங்க நல்லதுதான் செய்றீக. இல்லேங்கல. எங்க மாமா வேட்டிய நான்தான் அந்த ஆத்துல விட்டேன். அதுல தச்ச பையில எம் மகன் சோறு கொண்டுக்கிட்டு வந்தா, நான் எங்கன போயி நிப்பேன்?”

யாரும் சிரிக்கவில்லை. துக்கத்தை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது சுலபம்; போன வருடம் நான் செய்தது ஏறக்குறைய அதைத்தான்.

தலைமையாசிரியை நல்லவர். கெட்டிக்காரரும்கூட. ஒரு வழி சொன்னார்: பிள்ளைகளுக்குப் புதுத்துணியில் பை தைத்துக் கொடுத்துவிடுங்கள். ஆற்றில் எடுப்பதை எடுங்கள், ஆனால் வகுப்பில் அந்தப் பேச்சே வேண்டாம். ஷெட் உங்களுக்கே இருக்கட்டும்.

மும்தாஜ் ஐந்து நிமிடம் கேட்டு, ஈஸ்வரியை வெளியே கூட்டிக்கொண்டு வந்தார். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருவரும் சண்டை போட்டுக்கொண்டதைக் கேட்டேன்.

“ஷெட்டு போச்சுன்னா மழைக்கு எங்கனடி போறது? நாலு கிராமத்துக் குப்பைய எங்க கொட்டுவ, என் தலையிலயா?” என்றார் மும்தாஜ்.

“புதுத்துணியில பை தைக்கத்தான் திருப்பூரு இருக்குல்ல? நாம எதுக்கு? எங்கருந்து வந்துச்சுன்னு சொல்லக் கூடாதுன்னா, அப்புறம் அந்தப் பிள்ளைகளுக்கு என்னத்தச் சொல்லிக் குடுக்குறது?”

மும்தாஜ் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார். “டீச்சர், நீங்க மூணு வருசம் எடம் குடுத்தீக, மறக்க மாட்டோம். தப்பு எங்க பேர்லதான். யாரு கண்ணுலயும் படாம எடுத்து, யாரு கண்ணுலயும் படாம அவிச்சு, துவைச்சு, புதுசு மாதிரி குடுத்தோம். அந்தம்மா கேட்டது நியாயம். அவுகளக் கேக்காம அவுக வீட்டு வேட்டிய எடுத்தது தப்பு. இனி கேட்டு வாங்கிக்கிறோம். ஆனா மறைச்சுக் குடுக்க மாட்டோம்.”

காலி செய்யப் பத்து நாள் கொடுத்தார்கள். “பத்து நாளு எதுக்கு?” என்றாள் ஈஸ்வரி.

ஐந்து மணிக்கெல்லாம் அண்டா லோடு ஆட்டோவில் ஏறிவிட்டது. போகுமிடம் படித்துறை. மருத மரத்தடியில் ஒரு தார்ப்பாய், மூன்று கல், அண்டா, தையல் மெஷின். எழுத்து வேலை என்னிடம் வந்தது. பழைய கதவுப் பலகை ஒன்றில் மும்தாஜ் சொன்னதை எழுதினேன்: “ஆற்றில் விடாதீர்கள். கையில் கொடுங்கள். உங்கள் முன்னாலேயே அவிப்போம்.” ஆடிக் காற்றில் பலகை இரண்டு முறை விழுந்தது. மூன்றாவது முறை ஈஸ்வரி அதை மரத்தோடு சேர்த்துப் பாலியஸ்டர் நாடாவால் கட்டினாள்.

அன்று திரும்பிவிட எண்ணியிருந்தவள் சின்னமனூரில் தங்கிவிட்டேன் (விடுதி 650 ரூபாய், சுத்தம் சுமார்). மறுநாள் காலை ஆறரைக்கு மறுபடி படித்துறை. ஒரு கருமாதிக் குடும்பம் வந்திருந்தது. ஈஸ்வரி தண்ணீரில் அவர்களுக்கு நேர் எதிரே நின்று இரண்டு கையையும் நீட்டினாள். “இங்கன குடுங்கண்ணே.”

முழுகி எழுந்த பெரியவர் அவளைப் பார்க்காத மாதிரி வேட்டியைச் சுருட்டி அவள் தலைக்கு மேலாக ஆற்றில் எறிந்தார். அவள் தொரட்டியால் எடுத்தாள், அவர் பார்க்கப் பிழிந்தாள், கரையேறி அண்டாவில் போட்டாள். அடுத்தவரும் எறிந்தார். அதையும் எடுத்தாள். மூன்றாவதாக வந்தவர் அவர்கள் வீட்டு மருமகளாக இருக்க வேண்டும். சேலையைக் கையில் வைத்துக்கொண்டு படியிலேயே நின்றார். “என்ன செய்வீக இத?” என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. ஈஸ்வரி சொன்னாள். அந்தப் பெண் கேட்டுவிட்டு, “பை வேணாம். கொடிக்குக் கட்டுங்க” என்று கையில் கொடுத்தார்.

ஒன்பது மணிவரை வந்த பதினொரு பேரில் கையில் கொடுத்தவர்கள் மூன்று பேர். அடுத்த வாரமே யாராவது வந்து தார்ப்பாயைப் பிரிக்கச் சொல்லலாம். பிரித்தால் அடுத்த மரத்தடியில் கட்டுவோம் என்கிறார் மும்தாஜ். ஆற்றங்கரையில் மரத்துக்குப் பஞ்சமில்லை.

ஏன் ஆறு வசதியாக இருக்கிறது என்று திரும்பும் பேருந்தில் யோசித்துக்கொண்டே வந்தேன். அது எதையும் கேட்பதில்லை. யார் விட்டது, யாருடையது, இனி இது யார் பொறுப்பு என்று கேட்பதில்லை. அந்தக் கேள்விகளைக் கேட்க இப்போது இடுப்பளவு தண்ணீரில் ஓர் ஆள் நிற்கிறாள். ஊருக்குப் பிடிக்காதது துணியை அல்ல, அந்தக் கேள்வியை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

போக நினைப்பவர்களுக்கு: சின்னமனூர் ஆட்டோக்காரர்களிடம் படித்துறை என்றாலே போதும், ஊர்ப்பெயர் தேவையில்லை. அமாவாசைக்கு மறுநாள் போனால் கூட்டம் இருக்காது, வேலை இருக்கும். காலை எட்டுக்குள் போய்விடுங்கள். ஆனி முதல் ஐப்பசி வரை தண்ணீர் வேகம். நீச்சல் தெரிந்தாலும் கயிறு இல்லாமல் இறங்க வேண்டாம். கழிப்பறை சின்னமனூரோடு சரி. மாற்றுடை, பழைய செருப்பு, தீப்பெட்டி கொண்டுபோங்கள். வெறும் படம் எடுக்கப் போவதாக இருந்தால் சுருளி அருவிக்கே போய்விடுங்கள், அங்கே படம் நன்றாக வரும்.

சடங்குக்காகப் போகிறவர்கள் சடங்கைச் செய்யுங்கள். அதை யாரும் தடுக்கவில்லை. முழுகி எழுந்ததும் துணியை ஈஸ்வரி கையில் கொடுங்கள், என்ன செய்ய வேண்டும் என்பதையும் நீங்களே சொல்லுங்கள். வாங்கும்போது அவள் உங்கள் முகத்தைப் பார்ப்பாள். பார்க்கட்டும்.