கமருன்னிசாவும் சதுர சிப்பும்

கணிப்பொறியின் மூடியைத் திறக்குமுன் கமருன்னிசா வளையல்களைக் கழற்றி மேசைமேல் வைக்கிறார். சுற்றி நிற்கும் பெண்களிடம், "யாரும் மூச்சு வுடாதீங்க, உள்ள தூசி போயிடும்" என்கிறார். பிறகு தாமே குனிந்து பலமாக ஊதுகிறார்.

திருமலைராயன்பட்டினத்தில் தம் வீட்டு முன்னறையில் பெண்களுக்குக் கணிப்பொறி வகுப்பு நடத்துகிறார். இருப்பது ஒரே பெட்டி, அதுவும் பழசு. காரைக்காலில் புது மெஷின்களோடு வகுப்புகள் வந்துவிட்டன. ஆனால் பெண்ணை பஸ்ஸில் அனுப்ப மனமில்லாத வீடுகளுக்கு இவரை விட்டால் வழியில்லை.

எண்பத்தெட்டாம் வருஷம் அவர் கற்பிக்கத் தொடங்கிய கணக்குப் புரோகிராமை அந்தப் பெட்டியால் இழுக்க முடியவில்லை. ஒரு பட்டனைத் தட்டிவிட்டு, திரையில் விடை வருவதற்குள் பெண்கள் ஒரு கல்யாணத்தின் சாப்பாட்டைப் பற்றிப் பேசி முடித்தார்கள். "இப்படியே போனா ஒன்னொன்னா நின்னுடுவாளுவ" என்று பயந்து, வேகமான பிராசசர் சிப் ஒன்று வேண்டுமென்று சிங்கப்பூரில் இருக்கும் தம்பி நூகுவுக்குச் சொல்லியனுப்பினார். பெட்டிக்குள் எந்த போர்டில் அது உட்கார வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

விடுமுறைக்கு வந்த நூகு அத்தர் பாட்டில்களுக்கு நடுவிலிருந்து அதை எடுத்து அக்காவிடம் நீட்டினான். "லாத்தா, இதுதான் லேட்டஸ்ட். அங்க எல்லாரும் இதத்தான் வாங்குறாங்க."

பழைய சிப் நீளமானது, இரு பக்கமும் கால்கள். இது சதுரம்.

"கொஞ்சம் அழுத்துனா உக்காந்துடும்" என்றான் நூகு.

"அழுத்துனா போர்டு போயிடும். போர்டு போனா வகுப்பே போயிடும். கைய எடுடா!"

மறுநாளே சதுரத்தோடும் பழைய சிப்போடும் மதராசுக்கு பஸ் ஏறினார். சதுரத்துக்கு ஏற்ற போர்டு கடையில் இருந்தது. "இத எடுத்தா வேற எத மாத்தணும்?" என்று கேட்டார். அந்தப் போர்டுக்குப் பழைய கீபோர்டு சேராது, பழைய பெட்டியில் அது அடங்காது என்றார் கடைக்காரர். "அப்ப என் மெஷின்ல மிஞ்சுறது என்னங்க, மேல போத்துற துணியா?"

கடைக்காரர் சிரித்துவிட்டு, பழைய சிப்பைப் போலவே கால்கள் கொண்ட வேறொன்றை எடுத்துக் காட்டினார். கொஞ்சம்தான் வேகம் கூடும், ஆனால் அதே போர்டில் உட்காரும். கமருன்னிசா இரண்டையும் கவிழ்த்துப் போட்டுக் கால்களை ஒப்பிட்டுப் பார்த்து, அதையே வாங்கினார்.

ஊருக்கு வந்து, பெண்கள் பார்க்கப் பொருத்தினார். திரையில் எழுத்து வந்தது. கணக்கும் முன்னைவிடச் சீக்கிரம் வந்தது. எல்லாரும் கைதட்ட, நூகு மட்டும் வாசற்படியில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எந்த ஊரு சாமான் டீச்சர்?" என்றாள் ஒருத்தி.

"தம்பி பண்ண வேலை" என்றார் கமருன்னிசா. மூடியை வைத்துத் திருகுகளை முடுக்கியவர், கடைசித் திருகை மட்டும் விட்டுவிட்டு, ஸ்க்ரூடிரைவரின் பிடி அவன் பக்கம் இருக்கும்படி நீட்டினார்.