பூட்டுக்காரர் வீட்டு நாய்

பூட்டு ரிப்பேர் செய்யும் என் சித்தப்பா யாரையும் நம்பமாட்டார். வீட்டுக்குள் இருக்கும்போதுகூட வாசற்கதவின் மூன்று பூட்டுகளையும் பூட்டியே வைப்பார்.

ஒருநாள் காலை அவருடைய நாய் திடீரென்று சரிந்து விழுந்து, கால்களை உதைத்து, நுரை தள்ளியது.

"மாடி வீட்டுக்காரன் விஷம் வச்சுட்டான்!" என்று அலறினார் சித்தப்பா.

சித்தி செல்போனில் வீடியோ எடுத்தாள்.

"நாய் சாகக் கிடக்கு, உனக்குப் படம் கேக்குதா?" என்று கத்திக்கொண்டே, விஷத்தைக் கக்கவைக்க, பூட்டைத் திறப்பதுபோல் நாயின் பல்லிடுக்கில் சாவியை நுழைத்து நெம்பினார். நல்ல கடி வாங்கிக்கொண்டு, கையைக் கழுவக் கொல்லைக் குழாய்க்கு ஓடினார்.

கால்நடை மருத்துவர் வீடியோவை இரண்டு முறை பார்த்தார்.

"வீடியோ எடுத்தது நல்லதாப் போச்சு. விஷம்னு தோணலை, வலிப்பு மாதிரி இருக்கு. ரத்தப் பரிசோதனை பண்ணிடலாம். ஆனா வாய்ல எதையும் விடாதீங்க. இதோ, இவர் செய்றதுதான் சரி."

வீடியோவில் ஒருவர், நாயின் தலை இடிக்காதபடி மேஜையை மெல்ல நகர்த்திக்கொண்டிருந்தார். மாடி வீட்டுக்காரர்.

சித்தப்பா கட்டுப்போட்ட கையோடு அந்த வீடியோவையே திரும்பத் திரும்பப் பார்த்தார். மனுஷன் மனம் இளகிவிட்டது என்றே சித்தி நினைத்தாள்.

"மூணு பூட்டையும் தாண்டி அவன் எப்படிடி உள்ள வந்தான்?"