வண்டிச்சாவி இப்போது கண்ணாடிப் பெட்டியில்

கடந்த தை மாதம், ஒரு வியாழக்கிழமை மாலை. செய்யூர் அருகே கோயில் கல்வெட்டு ஒன்றைப் படித்துக் குறித்துக்கொண்டு, மனைவியுடன் ஸ்கூட்டரில் படாளம் திரும்பினேன். வண்டி ஓட்டும் கண்ணாடிக்கு மாறாமல், படிக்கும் கண்ணாடியோடேயே ஹெல்மெட்டை மாட்டியிருந்தேன். சாலை மங்கலாகத் தெரிந்தது. பனி என்று நினைத்தேன்.

வழியில் சாலையில் நெல் காயவைத்திருந்தார்கள். ஓரமாக ஒரு சாம்பல்நிற மூட்டை. மூட்டைதானே என்று வேகத்தைக் குறைக்கவில்லை. அருகே போனதும் அது அசைந்தது.

"ஐயோ, ஆளு இருக்குதுங்க!" என்று மனைவி என் தோளை உலுக்கினாள். பிரேக்கை அழுத்தினேன். நெல்லில் சறுக்கிய வண்டி, குனிந்து நெல் அள்ளிக்கொண்டிருந்த பெண்ணுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

அவள் நிமிர்ந்தாள். "இன்னா சார், கண்ணாடி மாட்டிகினு கூடவா கண்ணு தெரில?"

கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன். படிக்கும் கண்ணாடி.

இப்போது வண்டிச்சாவியை ஓட்டும் கண்ணாடியின் பெட்டிக்குள்தான் வைக்கிறேன். அதைத் திறக்காமல் வண்டி கிளம்பாது.