அப்பாவின் பெயரைக் கூப்பிட்டவர்கள்

அன்று அங்கே இருந்தவர்கள்: என் வகுப்புப் பையன்கள் நான்கு பேர், அவர்களில் ஒருவன் ஈரானியன், மைதான ஓரத்துப் பெட்டிக்கடையான கியோஸ்கில் ஐஸ்கிரீம் விற்ற பெண், நான், பிறகு, வரக்கூடாது என்று காலையிலிருந்து நான் வேண்டிக்கொண்டிருந்த அப்பா.

2011 கோடை, சுவிட்சர்லாந்தில் எம்மன்புரூக்கே ஊர்ப் பந்தடி மைதானம். உணவகச் சமையலறையில் மதிய வேலை முடிந்து இரவு வேலை தொடங்குமுன் என் ஆட்டத்தைப் பார்க்க வருவதாக அப்பா சொல்லியிருந்தார்.

இங்கே வந்த எங்கள் தமிழ் ஆட்களில் பலருக்குப் போல, சுவிஸ் பத்திரங்களில் அப்பாவின் பெயர்தான் எனக்குக் குடும்பப் பெயர். விளையாட்டு வாத்தியார் எல்லோரையும் குடும்பப் பெயரால்தான் கூப்பிடுவார். பையன்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கடைசி எழுத்தை ஆடு கத்துவதுபோல் இழுத்து இழுத்துக் கத்துவார்கள். முன்பு ஈரானியப் பையனின் பெயரை அப்படிக் கத்தியவர்கள்தான். என் பெயர் கிடைத்ததும் அவனை விட்டுவிட்டார்கள். அவனும் சேர்ந்து கத்தினான். நானும் சிரித்தேன். சிரித்தால் சீக்கிரம் முடிந்துவிடும்.

அன்று நான் பந்தைத் தவறவிட்டதும் நால்வரும் கத்தினார்கள். வேலிக்கு அப்பால் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்த அப்பா திரும்பிப் பார்த்தார். தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக் கையை உயர்த்திக்கொண்டு வந்தார். ஏசத்தான் வருகிறார் என்று பையன்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

அப்பா ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "இவங்களுக்கு என்ரை பேர் எப்பிடித் தெரியும்?" என்றார்.

"நான்தான் சொன்னனான், அப்பா. அவங்களுக்கு அந்தப் பேர் பிடிக்குமாம்."

"என்ன வடிவாச் சொல்லுறாங்கள். என்ரை முதலாளிக்குப் பன்னிரண்டு வருசமா வாயில வரேல்லை."

எல்லோரையும் கியோஸ்குக்குக் கூட்டிக்கொண்டு போனார். பையன்கள் பெரிய ஐஸ்கிரீமாகப் பார்த்து எடுத்தார்கள். என்னுடையதோடு ஐந்துக்கும் இருபது பிராங். அப்பாவிடம் பன்னிரண்டுதான் இருந்தது. மீதியை நாளைக்குத் தந்தால் போதும் என்றாள் அந்தப் பெண். சொல்லும்போது அப்பாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். அவர்கள் கத்துவதைத் தினமும் கேட்பவள் அவள்.

அப்பா போனபின் ஈரானியப் பையன் பக்கத்தில் வந்து, ஜெர்மன் மொழியில், "உன்ரை அப்பா நல்ல மனுசன். என்ரை அப்பாவும் இப்பிடித்தான். அதுதான் அவரை நான் இங்க வர விடுறதில்லை" என்றான். அவன் ஐஸ்கிரீம் பாதிக்கு மேல் உருகியிருந்தது.

அடுத்த நாள் அப்பா, "நானே போய்க் குடுத்திட்டு வாறன்" என்று புறப்பட்டார். பையன்கள் அந்தப் பெயரைக் கேலிக்குத்தான் கத்துகிறார்கள் என்று அவள் சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். நான் கொடுக்கிறேன் என்று காசை வாங்கிக்கொண்டேன். கியோஸ்க் தெரியும் தூரம்வரை போவேன். அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று திரும்பிவிடுவேன். பல நாள் அப்படி.

"குடுத்தனியோ?"

"ஓம் அப்பா."

"என்ன சொன்னவ?"

"உங்களைச் சுகம் கேட்டவ."

ஒன்பதாம் வகுப்போடு நான் படிப்பை விட்டேன். கியோஸ்கையும் பிறகு எடுத்துவிட்டார்கள். அவள் எங்கே போனாள் என்று நான் யாரிடமும் விசாரிக்கவில்லை. தன் பெயரை வடிவாகச் சொன்ன அந்தப் பையன்களைப் பற்றி அப்பா இன்றும் வேலையிடத்தில் கதைக்கிறார். அவளுக்குக் கொடுக்க வேண்டியது இன்னும் எட்டு பிராங்.