பழனிக்கு நடந்த கால்

அப்பா தனியார் பஸ்ஸில் கண்டக்டர். பொள்ளாச்சிக்கும் கோயம்புத்தூருக்கும் நடுவே நின்றுகொண்டே பிழைத்தவர். வேலையை விட்ட பிறகு கிணத்துக்கடவு கடைவீதி வரைகூட அவரால் நடக்க முடியவில்லை. கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கும், நின்றால் விடும், நடந்தால் மறுபடியும் பிடிக்கும். பீடி குடித்ததால் வந்த வினை என்றார் டாக்டர். தொடையில் ஓடும் ரத்தக்குழாய் அடைத்துப்போயிருந்தது. கோவையில் ஒரு ஆஸ்பத்திரியில் அடைப்பைத் திறந்து வைக்க அதற்குள் ஸ்டென்ட், மெல்லிய துணி போர்த்திய கம்பிவலைக் குழாய் ஒன்றை, வைத்தார்கள். வீடு திரும்பிய கொஞ்ச நாளில் பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பி வந்து, "வலியே இல்ல கண்ணு" என்றார் என்னிடம். அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. உள்ளே அவருக்கு ஸ்டென்ட் வைத்துக்கொண்டிருந்தபோது, கால் சரியானால் தைப்பூசத்துக்கு அவரைப் பழனிக்கு நடந்தே அனுப்பிவைப்பதாக வெளியே இவள் வேண்டிக்கொண்டிருக்கிறாள். வேண்டுவது ஒருவர், நடப்பது இன்னொருவர். எங்கள் பக்கத்தில் இதை யாரும் வினோதமாகப் பார்ப்பதில்லை. நான் மட்டும் முணுமுணுத்தேன்.

"டாக்டரே தெனமும் நடக்கோணும்னு சொன்னாரில்ல?" என்று அம்மா என் வாயை அடைத்தாள்.

வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்றும் அதே டாக்டர் சொல்லியிருந்தார். மாலை போட்டவரிடம் போய் அதை யார் சொல்வது? அப்பா பச்சை வேட்டி கட்டிக்கொண்டு, ஊர்க்காரர்களோடு கல்யாணத்துக்குப் போகிற மாதிரி கிளம்பிப் போனார். திரும்பி வந்தபோது பாதத்தில் கொப்புளம் உடைந்து புண்ணாகியிருந்தது. நடந்து போன எல்லோருக்கும்தான் கொப்புளம். அம்மா மஞ்சளை அரைத்துப் பூசினாள்.

பிறகு காய்ச்சல் வந்தது. கட்டில் ஆடுகிற அளவுக்கு நடுக்கம். மருந்துக்கடை மாத்திரைக்கு ஓயும், மறுபடியும் வரும். தொடை சிவந்து வீங்கி, தொட்டால் சுட்டது. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துவிட்டு, ஸ்டென்ட்டைச் சுற்றிச் சீழ் கட்டியிருக்கிறது என்றார்கள். அம்மா வெந்நீர் வாங்கப் போயிருந்த நேரத்தில் டாக்டர் கேட்டார்.

"கால்ல புண்ணு ஏதாச்சும் இருந்துதுங்களா?"

"பழனிக்கு நடந்தனுங்க. கொப்புளம் ஒடஞ்சு போச்சுங்க."

டாக்டர் பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். புண் வழியாக ரத்தத்தில் இறங்கிய கிருமிதான் ஸ்டென்ட்டின் துணியில் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும், அங்கே மருந்து சரியாகப் போய்ச் சேராது, அதை வெளியே எடுத்தே ஆக வேண்டும், எடுத்தால் காலுக்கு உத்தரவாதம் சொல்ல முடியாது என்றார். அவர் போனதும் அப்பா என் கையைப் பிடித்தார்.

"கொப்புளத்தால வந்ததுன்னு உங்கம்மா காதுக்குப் போகக் கூடாது கண்ணு."

எனக்கு அம்மாமேல் கோபம் கோபமாக வந்தது. வெந்நீர்ப் பாத்திரத்தோடு அவள் உள்ளே வந்து, "என்ன சொன்னாருங்க?" என்று அப்பாவைக் கேட்டபோது அந்தக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பாத்திரத்தை வாங்கி வைத்துவிட்டு, "ஸ்டென்ட்ட எடுக்கோணுமாம்மா" என்று மட்டும் சொன்னேன்.

ஸ்டென்ட்டை எடுத்தார்கள். வேறு வழியில் ரத்தத்தைத் திருப்பிவிட்டுப் பார்த்தார்கள். அந்த வழியும் அடைத்துக்கொண்டது. கடைசியில் முழங்காலுக்கு மேலே காலை எடுத்துவிட்டார்கள். சாமி உயிரையாவது விட்டுவைத்தாரே என்று அம்மா பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னாள். அடுத்த தைப்பூசத்துக்கு, அப்பா உயிருக்காகத் தானே நடந்து போவதாக மாலை போட்டுக்கொண்டாள்.

கிளம்பும் காலையில் அப்பா சக்கர நாற்காலியில் வாசலுக்கு வந்தார்.

"செருப்புப் போட்டுட்டுப் போ அம்மணி."

அம்மா சிரித்தாள். "மாலை போட்டுட்டு யாருங்க செருப்புப் போடுவாங்க?"

"சொன்னாக் கேளு. கொப்புளம் சின்னதாத்தான் வரும். அப்புறம்…" என்றவர் நிறுத்திக்கொண்டார்.

அம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என்னால் அவளைப் பார்க்க முடியவில்லை.

"அந்தக் கொப்புளத்துலயாங்க?"

ரோட்டில் நின்றிருந்த கூட்டம் கூப்பிட்டது. அம்மா தரையில் உட்கார்ந்து, எடுத்த காலின்மேல் அப்பா மடித்துச் செருகியிருந்த வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க கால நானே கேட்டு வாங்கி, நானே குடுத்துப்போட்டனுங்களே" என்றாள்.